ரெண்டாவது மைக்!

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். ஏதாவது ஒரு கச்சேரி ரெக்கார்டிங்கை ஹெட்போன்ல கேளுங்க. பாட்டு முடிஞ்சதும் கூட்டம் உங்க காதுக்குள்ளேயே 'ஓ...'ன்னு கத்தினா, அது ரசிகர் யாரோ ஸீட்ல உட்கார்ந்து பிடிச்சது. இல்லேன்னா கூட்டத்துக்குன்னே தனி மைக் வெச்சு எடுத்தது. கைத்தட்டல் பக்கத்துத் தெருவில் பெய்யிற மழை மாதிரி லேசா கேட்டா... அது 'சவுண்ட்போர்டு' ரெக்கார்டிங்!

சவுண்ட்போர்டுன்னா ஏதோ ராக்கெட் சமாசாரம் இல்லை. மைக்செட் அண்ணன் முன்னாடி வரிசையா திருகுகளோட ஒரு பெட்டி இருக்குமே, அந்த மிக்ஸர்தான். மேடையில் இருக்கிற ஒவ்வொரு மைக்கும் கேபிள் வழியா அங்கே வந்து சேரும். எதை ஏத்தணும், எதை இறக்கணும்னு அவர் அந்த நிமிஷமே முடிவு பண்ணி ஸ்பீக்கருக்கு அனுப்புவார். அப்படிப் போற வழியில் ஒரு வயரை இழுத்து டேப் ரெக்கார்டரில் சொருகிட்டா முடிஞ்சது கதை. மேடையில் இருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்குப் பாட்டு பத்தில் ஒரு விநாடி லேட்டா போய்ச் சேரும். டேப்புக்கு அந்த லேட்டும் கிடையாது, அரங்கத்தோட எதிரொலியும் கிடையாது.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடிச்சது டேரில் ஹால், ஜான் ஓட்ஸ் ஜோடியால. (ஓட்ஸ்னதும் காலை டிபனை நினைக்காதீங்க!) அமெரிக்காவில் பாப்பையும் ஸோல் இசையையும் கலந்துகட்டி அடிச்ச கூட்டணி. ரெண்டு பேரும் ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட்ஸ். 1967-ல் அங்கே அடெல்ஃபி பால்ரூம்னு ஓர் இடத்தில் ஆளுக்கொரு குரூப்போட பாட வந்திருக்காங்க. திடீர்னு கோஷ்டி மோதல், துப்பாக்கிச் சத்தம். தப்பிச்சு ஓடினவங்க ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்டில் ஏறியிருக்காங்க. அப்படி ஆரம்பிச்ச ஃப்ரெண்ட்ஷிப்!

1977-ல் இருந்து 1984 வரைக்கும் அமெரிக்க பாப் பட்டியலில் ஆறு பாட்டு முதலிடம். அதில் 'ஐ கேன்ட் கோ ஃபார் தட்', 1982 ஜனவரியில் கறுப்பின ரசிகர்களோட ஆர் அண்ட் பி பட்டியலிலும் நம்பர் ஒன். வெள்ளைக்காரப் பாடகர்களுக்கு அது ரொம்ப அபூர்வம்.

ஆனா, ஹிட் பாட்டுகளைக் கேட்டா முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் ஒரே குரல். ஹால். உயரம், பொன்னிற முடி, எங்கே வேணா ஏறி இறங்குற தொண்டை. பக்கத்தில் கிடாரோட மீசை வெச்ச ஓட்ஸ். 'அந்த மீசைக்காரர் என்னதான் பண்றார்?'னு அங்கே பல வருஷமா ஒரு ஜோக் ஓடுது. நானும் அதுக்குச் சிரிச்சிருக்கேன்.

அவங்களோட பழைய கச்சேரி ஒண்ணோட சவுண்ட்போர்டு டேப்பைக் கேட்டப்பதான் விஷயம் புரிஞ்சது. எதிரொலி இல்லை, கூட்டம் இல்லை. ரெண்டு குரலும் மேக்கப் கலைச்ச முகம் மாதிரி அப்படியே நிக்குது. ஹால் மெட்டை இழுக்கிறார், வளைக்கிறார், திடீர்னு தாண்டிக் குதிக்கிறார். ஒவ்வொரு தடவையும் கீழே ஒரு குரல் அசையாம அதே ஸ்வரத்தில் நிக்குது. அது நிக்கிறதாலதான் இவர் தாவுறது தாவலாத் தெரியுது. ரெண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குறதுகூட கேட்குது பாஸ்! நம்ம கர்னாடக கச்சேரியில் தம்புராவை யாரும் தனியா ரசிக்கிறதில்லை. நிறுத்திப் பாருங்க, அப்போ தெரியும்.

உதாரணத்துக்கு 1973-ல் வந்த 'ஷீ இஸ் கான்'. புத்தாண்டு ராத்திரி ஒரு பொண்ணு வர்றதாச் சொல்லிட்டு வராமப் போன கடுப்பில் ஓட்ஸ் ஆரம்பிச்ச பாட்டு அது. ஹால் சேர்ந்து முடிச்சார். சரணத்தை ரெண்டு பேரும் சேர்ந்தே பாடுவாங்க. ஓட்ஸ் கீழ் ஸ்தாயி, ஹால் மேல் ஸ்தாயி. முதல் தடவை கேட்டா மேலே இருக்கிறது மட்டும்தான் காதில் விழும்.

அதுக்காக சவுண்ட்போர்டு சொல்றது எல்லாம் சத்தியம்னு நினைச்சுடாதீங்க. அதுவும் பொய் சொல்லும். சின்ன அரங்கத்தில் டிரம்ஸும் கிடார் ஆம்ப்ளிஃபையரும் தானாவே காதைக் கிழிக்கும். அதனால மிக்ஸர்காரர் அதையெல்லாம் ஸ்பீக்கரில் குறைச்சு வைப்பார். டேப்புக்குப் போறதும் அந்தக் குறைச்ச சத்தம்தான். குரலோ முழுக்க முழுக்க மைக்கை நம்பி இருக்கு, அதனால டேப்பில் தூக்கலா நிக்கும். பெரிய ஸ்டேடியத்தில் எல்லாமே ஸ்பீக்கர் வழியாத்தான் போயாகணும், அங்கே பேலன்ஸ் கொஞ்சம் சரியா இருக்கும்.

இதை நேரிலேயே பார்த்தேன். போன வருஷம் எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸில் மிக்ஸர் பக்கத்தில் நின்னுட்டிருந்தேன். மைக்செட் அண்ணன் ஹெட்போனைக் கழட்டி என் தலையில் மாட்டினார். ஹாலே அதிர்ந்துட்டிருந்த டிரம்ஸ், உள்ளே டிபன் பாக்ஸைத் தட்டுற மாதிரி கேட்டுச்சு. ஆனா, பின் வரிசையில் நின்ன ஒரு ஜூனியர் பொண்ணு பாடின கோரஸ் அவ்வளவு சுத்தமா வந்துச்சு. ஹெட்போனைக் கழட்டினா அந்தக் குரலே இல்லை! கைத்தட்டல் எல்லாம் முன்னாடி நின்னவருக்கு. 'எப்பவுமே இப்படித்தான் தம்பி'ன்னார் அண்ணன்.

இந்த மாதிரி டேப்புகளில் பலதும் இசைக்குழு தங்களோட தப்பைத் தாங்களே கேட்டுத் திருத்திக்க எடுத்தது. அது வெளியே கசிஞ்சு விலைக்குப் போனா பாடினவங்களுக்கு ஒரு பைசா வராது. அனுமதி இல்லாம எடுத்து விற்கிறதுக்கு எதிரா அமெரிக்கா 1994-ல் சட்டமே போட்டது. முறைப்படி வந்ததே வேணும்னா 'லைவ் அட் தி அப்போலோ' இருக்கு. நியூயார்க் ஹார்லெம் பகுதியில் கறுப்பின இசையோட தாய்வீடான அப்போலோ தியேட்டர் புதுப்பிச்சுத் திறந்தப்ப, 1985 மே மாசம் பாடினது. சின்ன வயசில் இவங்க விழுந்து விழுந்து கேட்ட டெம்ப்டேஷன்ஸ் குழுவின் டேவிட் ரஃபினும் எடி கெண்ட்ரிக்ஸும் கூட வந்து பாடினாங்க. அவங்க ரெண்டு பேரும் முன்னாடி வர்ற இடத்தில் ஹாலும் கோரஸ்தான். அன்னிக்கு அவருக்கும் ரெண்டாவது மைக்!

இப்போ மனசுக்குக் கஷ்டமான பகுதி. 2023 நவம்பரில் ஹால் கோர்ட்டுக்குப் போனார். ரெண்டு பேருக்கும் பொதுவான கம்பெனியில் இருந்த தன் பங்கை ஓட்ஸ் வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறார்னு வழக்கு. லிஃப்ட்டில் சந்திச்சு 56 வருஷம் கழிச்சு! ஆனா, ஒண்ணு கவனிங்க. ஆல்பம் அட்டையில் 'ஹால் அண்ட் ஓட்ஸ்'னு சுருக்காம 'டேரில் ஹால் அண்ட் ஜான் ஓட்ஸ்'னு ரெண்டு முழுப் பெயரைத்தான் போட்டுக்கிட்டு வந்தாங்க. நாங்க தனித்தனி ஆளுங்கன்னு அவங்க ஆரம்பத்தில் இருந்தே சொல்லிட்டுத்தான் இருந்திருக்காங்க.

கம்பெனியைப் பங்கு போடலாம். டேப்பை? இப்போ கலந்த பாட்டில் இருந்து குரலை உருவி எடுக்கிற ஏ.ஐ. சாஃப்ட்வேர் எல்லாம் வந்தாச்சு. ஹால் குரலை மட்டும் தனியா எடுத்துட்டீங்கன்னே வெச்சுக்குவோம். ஓட்ஸ் உள்ளே வர்றதுக்காக அவர் விட்ட இடைவெளி அங்கே அப்படியே இருக்கும்.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். ராத்திரி விளக்கை அணைச்சுட்டு 'ஷீ இஸ் கான்' பாட்டை மூணு தடவை கேளுங்க. முதல் தடவை மேல் குரலை மட்டும். ரெண்டாவது தடவை கீழ்க் குரலை மட்டும். மூணாவது தடவை அந்த ரெண்டில் எது பாட்டுன்னு முடிவு பண்ணுங்க. என்னால முடியலை!