கும்மிடிப்பூண்டியில் ஒரு கச்சேரி

சங்கீதம் கேட்பதற்காகக் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம் என்று சொன்னால் நேயர்கள் சிரிக்கக்கூடும். சங்கீதம் கேட்க மயிலாப்பூருக்குப் போவார்கள், திருவையாற்றுக்குப் போவார்கள். கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள் இரும்பு வாங்கவோ, இரும்பு விற்கவோ, இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கவோதான் போவார்கள். உண்மையைச் சொல்வதானால், நாமும் மடியில் ஏழு கிலோ இரும்பையும் செம்பையும் வைத்துக்கொண்டுதான் ரயிலேறினோம்.

அது நம் பாட்டனார் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர். 1960-களில் அவர் வாங்கிய ரேடியோகிராமின் வயிற்றுக்குள் இருந்தது. மரப் பெட்டியைக் கரையான் தின்றது. அதோடு ஸ்பீக்கரும் போயிற்று. இரும்புத் தட்டின்மேல் வால்வுகளும் டிரான்ஸ்பார்மர்களுமாக இது மட்டும் பரணில் கிடந்தது. எண்பது வயதைக் கடந்த நம் தாயார், "அந்தப் பெட்டியில் ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தால் நம்ம வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும்" என்று அடிக்கடி சொல்வதுண்டு. இன்னொரு முறை அவர் அப்படிக் கேட்கட்டுமே என்றுதான் பரணிலிருந்து இறக்கினோம்.

அலமாரியில் வைக்கும் நவீனச் சிறு ஸ்பீக்கர் ஒன்று வீட்டில் இருந்தது. தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு இரண்டையும் இணைத்தோம். தோடி கேட்டது, ஆனால் திண்ணையில் அல்ல, அடுத்த தெருவில்! ஒலியைக் கூட்டினால் நாகஸ்வரம் கரகரத்தது. தாயார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "வால்வு போய்விட்டது சார். 100 வாட்டில் புதிதாக ஒன்று வாங்குங்கள். இதை எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். பழைய இரும்புக்காரரும் வந்து தூக்கிப் பார்த்து விலை சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரையில் வீட்டில் தவணை கொடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் கும்மிடிப்பூண்டி நண்பரின் நினைவு வந்தது.

வழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கிறது என்பதற்காகத் திருவள்ளூருக்கு டிக்கட் வாங்கிவிடக் கூடாது. 1997-ல் செங்கற்பட்டிலிருந்து பிரிந்த இந்த ஜில்லாவின் தலைநகர், அரக்கோணம் போகும் பாதையில் மேற்கே இருக்கிறது. வீரராகவப் பெருமாளைத் தரிசிக்க வேண்டுமானால் அங்கே போகலாம். கும்மிடிப்பூண்டியோ வடக்கே கூடூர் போகும் பாதையில், சென்னையிலிருந்து சுமார் 48 கிலோமீட்டரில் உள்ளது. மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணிப் பிரயாணம்.

எண்ணூர் தாண்டியதும் உப்பளங்களும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் தென்படுகின்றன. மீஞ்சூர், பொன்னேரி என்று போகப் போக நெல்வயல்களின் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. கவரைப்பேட்டைக்குப் பிறகு காட்சி மாறுகிறது. சிப்காட் தொழிற்பேட்டையின் கூரைகள், உருட்டாலைகள், கல்கத்தா சாலையில் வரிசையாக லாரிகள். லாரிகளில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தோம். உடைந்த சைக்கிள், தகரப் பெட்டி, மோட்டார் உறுப்புகள், மின்விசிறி, இன்னும் உருத்தெரியாத எத்தனையோ! இவை உலையில் உருகிக் கட்டடக் கம்பிகளாக வெளிவருகின்றன. அந்தக் குவியலில் எத்தனை ரேடியோக்கள் போயினவோ? மடியிலிருந்த மூட்டையை நம்மை அறியாமலே இன்னும் சற்று இறுக்கிப் பிடித்துக்கொண்டோம்.

நண்பர் தொழிற்பேட்டையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தகப்பனார் சுற்றுக் கிராமங்களில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஆடி மாதத்துக் கூழ் வார்த்தல் முதல் கல்யாணம், காதுகுத்து, தேர்தல் வரையில் எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்கள்தான் முழங்கின. அவற்றில் இரண்டு கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துத் தொங்குகின்றன. கூம்பு ஒலிபெருக்கிகளுக்குத் தடை வந்தபின் அவற்றுக்கு வேலையில்லை. 2000-ம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் வெளியிடங்களில் ஒலிபெருக்கிகளின் வாயை அடைத்துவிட்டன. ஊர் தூங்குகிறது, அது நியாயந்தான்.

மூட்டையை அவிழ்த்ததும் நண்பர் முதலில் நம்மைக் கோபித்துக்கொண்டார். "எத்தனையோ வருஷம் பரணில் கிடந்ததை அப்படியே மின்சாரத்தில் செருகினீர்களா? உள்ளே 300 வோல்ட் ஓடுகிறது, ஐயா! சுவிட்சை அணைத்த பிறகுங்கூடக் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். தொட்டால் ஆளையே தூக்கி எறிந்துவிடும்." இந்த எச்சரிக்கையை நேயர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பழைய கருவியை விவரம் தெரிந்தவர் திறந்து, வற்றிப்போன கண்டென்சர்களை மாற்றிய பிறகே உயிர் கொடுக்க வேண்டும்.

பிறகு வால்வைச் சோதித்தார். "வால்வு போய்விட்டது என்று யார் சொன்னது? இது இன்னும் பல வருஷம் பாடுமே!" என்றார். கண்ணாடியின்மேல் மங்கலாக இருந்த எழுத்தைத் துடைத்துக் காட்டினார். 1954-ல் பெங்களூரில் ஆரம்பித்த பாரத் எலெக்ட்ரானிக்ஸில் செய்த இ.எல்.84 வால்வு! இந்த வால்வு ஒற்றையாக வேலை செய்தால் ஏறக்குறைய 5 வாட் கொடுக்கும். நம் நாட்டுக் கைகள் செய்த பொருளை, ஆராயாமலே செத்துப்போனது என்று நம்பிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அப்படியானால் குற்றம் எங்கே? "குற்றம் ஜாதகப் பொருத்தத்தில்" என்றார் நண்பர்.

ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்று அளப்பார்கள். அதுவே அதன் உணர்திறன். நம் வீட்டுச் சிறு பெட்டிக்கு அது 84. நண்பரிடம் இருந்த 12 அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கருக்கு 97. வித்தியாசம் பதிமூன்றுதானே என்று நினைத்தோம். "டெசிபல் கணக்கு காய்கறிக் கணக்கு அல்ல" என்றார் அவர். 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிக்க வேண்டும். 10 கூட வேண்டுமானால் பத்து மடங்காக வேண்டும். அவர் ஸ்பீக்கரில் நம் 5 வாட் ஆம்ப்ளிஃபயர் 104 டெசிபல் வரை ஏறும். அதே ஒலியை நம் சிறு பெட்டியிலிருந்து வாங்குவதற்கு 100 வாட் வேண்டும். கடைக்காரர் சொன்ன 100 வாட் கணக்கில் தவறில்லை. மாற்ற வேண்டிய பொருளைத்தான் தவறாகச் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் நமக்கு ஆச்சரியமாக இருந்தது. சாதாரண ஸ்பீக்கரில் நாம் கொடுக்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ஒலியாவதில்லையாம். 92 டெசிபல் உள்ளதில்தான் ஏறக்குறைய நூற்றில் ஒன்று. மற்றதெல்லாம் வீண் உஷ்ணம்.

அக்காலத்தில் வாட் விலையுயர்ந்த சரக்கு. ஆகவே ஸ்பீக்கர்களைச் சிக்கனமாகச் செய்தார்கள். 1924-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியபோது அதன் ஒலிபரப்பியே 40 வாட்தான். 1930-ல் சென்னை நகரசபை அந்தப் பணியை ஏற்றுக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களைக் கேட்கச் செய்தது. 1931-ல் 'காளிதாஸ்' தமிழ் பேச வந்த காலத்தில், ஒரு கொட்டகை நிறைந்த ஜனங்களுக்கு இன்று ஒரு சிறு அறைக்குக் கேட்கும் வாட்கூடக் கிடையாது. கொம்பு வைத்த பெரிய ஸ்பீக்கர்கள் அந்தக் குறையை நிரப்பின. 1947-ல் டிரான்சிஸ்டர் பிறந்தது. நாளடைவில் வாட் மலிந்தது. 1954-ல் வில்சர் என்ற அமெரிக்கர் சிறு பெட்டிக்குள் காற்றை அடைத்து ஆழ்ந்த ஒலியை வரவழைத்தார். அதற்கு விலையாக உணர்திறன் குறைந்தது. ஹாஃப்மன் என்பவர் இதை ஒரு விதியாகவே சொன்னார்: சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். பெரிய பியானோ வித்துவானின் பிள்ளை அவர்; வீட்டிலேயே சங்கீதமும் இடநெருக்கடியும் தெரிந்திருக்கும்!

பொருத்தத்தில் இரண்டாவது, ஓம் கணக்கு. வால்வுக்கு எதிரே 5,000 ஓம் பாரம் நிற்க வேண்டும். ஸ்பீக்கரிலோ 15 அல்லது 8 அல்லது 4 ஓம்தான். இரண்டுக்கும் நடுவே தரகர்போல் நின்று சமரசம் செய்வது வெளியீட்டு டிரான்ஸ்பார்மர். நம்முடையது 15 ஓம் ஸ்பீக்கருக்கென்றே சுற்றப்பட்டது. அதில் 4 ஓம் பெட்டியை மாட்டினால் வால்வுக்குத் தெரிவது சுமார் 1,300 ஓம்தான். வில்வண்டி மாட்டைக் கல் வண்டியில் பூட்டினாற்போல அது திணறியிருக்கிறது. கரகரப்பின் காரணம் இப்போது விளங்கியது. நண்பரின் ஸ்பீக்கர் 15 ஓம். வால்வு ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது, டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிடும் என்றும் அவர் சொல்லி வைத்தார்.

சரி, உணர்திறனே வேண்டுமானால் கொல்லைப்புறத்துக் குழாய் ஸ்பீக்கரையே மாட்டலாமே என்று கேட்டோம். நண்பர் சிரித்தார். அது 100 டெசிபலுக்கும் மேலே போகும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பியை அது அறியாது. பேச்சுக்கும் விளம்பரத்துக்கும் ஏற்றது. கூடத்தில் வைத்தால் வீட்டார் வெளியே போய்விடுவார்கள்.

கண்டென்சர்களை மாற்றி முடிக்கும்போது மாலை நான்கு மணி. ஸ்பீக்கர் இருந்த பெட்டி பின்புறம் திறந்த பலகைப் பெட்டி. நெல் கொட்டி வைக்கும் பத்தாயத்தின் தம்பிபோல் இருந்தது. சுவிட்சைப் போட்டு வால்வுகள் சூடேறுவதற்குக் காத்திருந்தோம். முதலில் வந்தது சங்கீதம் அல்ல, "ங்..." என்ற ரீங்காரம்! சிறு பெட்டியில் கேட்காமல் ஒளிந்திருந்த இரைச்சலை இந்த ஸ்பீக்கர் காட்டிக்கொடுத்துவிட்டது. கூரிய காதுள்ளவரிடம் ரகசியம் பேச முடியாதல்லவா? நண்பர் ஒரு பூமிக் கம்பியை இடம் மாற்றி, ஒரு வயரை டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி வைத்தார். ரீங்காரம் ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு அடங்கியது.

பிறகு நம் கைப்பேசியிலிருந்தே ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை வைத்தோம். ஒலிக்குமிழைக் கால்வாசிகூடத் திருப்பவில்லை. சீவாளியில் மூச்சுப் படும் அந்த முதல் கணத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தவிலின் ஒவ்வோர் அடியும் தோலிலிருந்து புறப்பட்டாற்போல் தனித்தனியாக வந்தது. வாசலில் லாரி போயிற்று. தூரத்தில் ஆலைச் சங்கு ஊதிற்று. நாகஸ்வரம் இரண்டையும் பொருட்படுத்தாமல் ஏறிக்கொண்டு போயிற்று. குறை இல்லாமலில்லை. மேல் ஸ்தாயியில் ஓரிடத்தில் கொஞ்சம் கூர்மை அதிகம். அடி ஆழத்து ஒலிகள் இந்தப் பெட்டியில் வரா. அமெரிக்கப் படத்தின் வெடிகுண்டுச் சப்தம் கேட்க வேண்டியவர்கள் வேறு ஸ்பீக்கர் தேடிக்கொள்ளட்டும். கைப்பேசி வழியாக வீட்டுக்குக் கூப்பிட்டுத் தாயாரைக் கேட்கச் சொன்னோம். "அதில் என்ன தெரியும்? இங்கே கொண்டு வா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் எதைக் கொண்டு போவது? நண்பர் தம் ஸ்பீக்கரைக் கொடுக்க மாட்டார். கேட்கவும் நமக்கு மனம் வரவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்தில் மூடிப்போன ஒரு டூரிங் கொட்டகையின் சொந்தக்காரரிடம் இதேபோல் ஒன்று, காகிதக் கூம்பு கிழியாமல், இருப்பதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். காந்தம் பலமாக இருக்கிறதா, 15 ஓம்தானா என்று பார்த்து வாங்கச் சொன்னார். அதற்குப் பெட்டி செய்தால் நம் கூடத்தில் சோபாவை நகர்த்தியாக வேண்டும். இதைப் பற்றி வீட்டில் எப்படிப் பிரஸ்தாபிப்பது என்ற யோசனையோடு ஆறு மணி ரயிலில் ஏறினோம்.

பொன்னேரியில் ஏறிய ஒருவர் எதிரே உட்கார்ந்து நம் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழைய இரும்பு வியாபாரி என்று பேச்சில் தெரிந்தது. துணியைச் சற்று விலக்கி ஒரு விரலால் டிரான்ஸ்பார்மரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே நல்ல செம்பு இருக்குது, ஐயா. கிலோ என்ன விலைக்குக் கேட்டாங்க?" என்றார்.

விற்பதற்கு அல்ல, இதற்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போகிறோம் என்றோம். மீஞ்சூர் வரும்வரையில் அவர் நம்மைப் பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டே வந்தார்.