குதிகால் நனைந்ததா?



மக்தப் மதரஸாவில் பிள்ளைகளுக்கு உளூவைக் கற்றுக்கொடுக்கும்போது நாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “குதிகால் நனைந்ததா?” ஹவுளின் ஓரத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் சிறுவர்கள் முகத்தையும் கைகளையும் ஒழுங்காகக் கழுவிவிட்டு, பாதத்தின் முன்பக்கத்தில் மட்டும் நீரை ஊற்றிக்கொண்டு எழுந்து ஓடப் பார்ப்பார்கள். உளூவில் நனையாமல் விடப்பட்ட குதிகால்களைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் நரக நெருப்பைச் சொல்லி எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதை நினைவூட்டி அவர்களை மீண்டும் உட்கார வைப்போம். இருபது ஆண்டுகளாக இதுவே நம் வழக்கம். சென்ற ஷவ்வால் மாதத்தில் அதே கேள்வியை நம் மகன் நம்மிடம் கேட்டான். அதைக் கேட்க நேர்ந்த கதையையும், அது நமக்குக் கற்றுத்தந்த பாடத்தையும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வலப்பக்கத் தொடையின் மேற்பகுதியில் வலி தொடங்கியபோது, பாயில் நெடுநேரம் அமர்ந்து ஓதிக்கொடுப்பதால் வந்த பிடிப்பு என்றே எண்ணினோம். எண்ணெய் தேய்த்தோம்; ஒத்தடம் கொடுத்தோம். ஓராண்டு நொண்டி நடந்தோம். அத்தஹிய்யாத்தில் அமர்ந்து எழும்போது பல்லைக் கடிக்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் சென்றோம். எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்துப் பார்த்த அவர், ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதற்குள் சுழலும் ஒரு பந்தும். தொடை எலும்பின் தலைப்பகுதியே அந்தப் பந்து. அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைந்தால் எலும்பு உயிரிழந்து, நாளடைவில் உடல் எடையைத் தாங்க மாட்டாமல் நொறுங்கி அமிழ்ந்துவிடும். நமக்கு நேர்ந்திருந்தது அதுவே.

“ஸ்டீராய்டு மாத்திரை ஏதேனும் சாப்பிட்டீர்களா?” என்று அவர் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம். மூச்சிரைப்புக்காக எப்போதோ ஒரு மருத்துவர் எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு, இரைப்பு வரும்போதெல்லாம் மருந்துக் கடையில் அதே மாத்திரையை நாமே வாங்கி விழுங்கி வந்தோம். பல ஆண்டுகள். அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும், ஆனால் இந்நோய்க்கு அது அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று என்றும் மருத்துவர் கூறினார். வாசிப்போரில் யாருக்கேனும் இப்பழக்கம் இருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அம்மாத்திரையைத் தாமாகத் தொடர்வது எவ்வளவு தவறோ, தாமாகத் திடீரென நிறுத்துவதும் அவ்வளவு ஆபத்து. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். மருந்துக் கடையின் முன்னே அதை மறந்துவிடுகிறோம்.

நாற்பத்தாறு வயதில் மூட்டை மாற்றுவதா என்று குடும்பத்தார் கலங்கினார்கள். மருத்துவர் பொறுமையாகப் பேசினார். நொறுங்கிய பந்தை நீக்கிவிட்டு, தொடை எலும்பின் உள்ளே ஓர் உலோகத் தண்டைச் செருகி, அதன் தலையில் புதிய பந்தை வைப்பார்கள். இடுப்பெலும்பின் குழியில் புதிய கிண்ணத்தைப் பதித்து, அதன் உட்புறத்தில் வழவழப்பான பாலிஎத்திலீன் உறையைப் பொருத்துவார்கள். உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் என்னும் இவ்வமைப்பை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் 1962இல் நிலைநிறுத்தினார். அதற்கு முன்னர் அவர் டெஃப்லானில் கிண்ணம் செய்து பொருத்தியிருந்தார். சில ஆண்டுகளிலேயே அவை தேய்ந்து போக, தம் முயற்சி தோற்றதை ஒப்புக்கொண்டு மாற்றுப் பொருளைத் தேடினார். நோய்க்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கும் இறைவன், அதைத் தேடிக் கண்டடையும் உழைப்பை மனிதனிடம் விட்டிருக்கிறான். ஸுப்ஹானல்லாஹ்!

அறுவை சிகிச்சை முடிந்த அன்று, முதுகில் போட்ட மயக்க மருந்தால் கால்கள் நம்முடையவை போலவே இல்லை. இஷாவைப் படுத்தபடி சைகையால் தொழுதோம். மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். வலியைவிட வியப்பே மேலோங்கியது.

வீடு திரும்பும் நாளில் பிசியோதெரபி தம்பி வந்து ஒரு பட்டியலைச் சொன்னார். “பாய், மூணு மாசத்துக்குத் தரையில உட்காரக் கூடாது. சம்மணம் கூடாது, குத்துக்கால் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. உட்காரும்போது இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது. தூங்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை இருக்கணும்.” மூட்டைச் சுற்றி வெட்டித் தைத்த தசைகளும் உறையும் ஆறும்வரை, அதிகம் மடக்கினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும் என்று காரணமும் சொன்னார்.

அவருக்கு அது மருத்துவப் பட்டியல். நமக்கோ, நம் வாழ்க்கையின் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருவதாகத் தோன்றியது. மதரஸாவில் பிள்ளைகளோடு அமரும் பாய், திருமண வீட்டில் சஹனைச் சுற்றி அமரும் விருந்து, வீட்டில் சுப்ரா விரித்து உண்ணும் உணவு, எல்லாவற்றுக்கும் மேலாக, நெற்றி தரையில் படும் ஸஜ்தா! நாற்காலியில் அமர்ந்து, ருகூவுக்குச் சற்றுக் குனிந்து, ஸஜ்தாவுக்கு அதைவிடச் சற்று அதிகம் குனிந்து தொழும் முறையை எத்தனையோ பெரியவர்களுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். நம் முறை வந்தபோது அந்த நாற்காலி நம்மைச் சுட்டது.

உளூவிலும் அவ்வாறே. வலப் பாதத்தைத் தொட நம்மால் குனிய இயலாது. முதல் சில நாட்கள் யாரையும் அழைக்காமல், குவளையால் மேலிருந்து நீரை ஊற்றி, இடக்காலால் வலக்காலைத் தேய்த்துச் சமாளித்தோம். ஒருநாள் ஈரத்தில் வாக்கர் வழுக்கியது. சுவரைப் பற்றி நின்றுவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். சத்தம் கேட்டு ஓடிவந்த மகன் ஒன்றும் பேசவில்லை. நம்மை நாற்காலியில் அமர வைத்து, கீழே ஒரு பாத்திரத்தை வைத்து, நம் காலைப் பிடித்து விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவினான். பிறகு நிமிர்ந்து, “அத்தா, குதிகால் நனைஞ்சதா?” என்றான். பதினான்கு வயதுப் பிள்ளை. கேலியாகக் கேட்கவில்லை; நாம் கற்றுக்கொடுத்த பாடத்தை நமக்கே ஒப்பித்தான். “நனைந்தது” என்று சொல்ல நமக்குக் குரல் எழவில்லை. தலையை மட்டும் அசைத்தோம்.

அத்துடன் நம் நஃப்ஸ் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஓரிரவு தஹஜ்ஜுதுக்கு விழிப்பு வந்தது. வீடு முழுவதும் உறங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஸஜ்தா, அல்லாஹ்வுக்காகத்தானே, என்று மனம் சொன்னது. கட்டிலின் விளிம்பைப் பிடித்து இட முழங்காலை ஊன்றி, வலக்காலை நீட்டியவாறே தரையில் இறங்கினோம். நெற்றி தரையில் பட்டது. எழ முயன்றபோது முடியவில்லை. இடுப்பில் ஒரு சுரீர். கை நடுங்கியது. அழைத்தால் மனைவி பதறுவாள் என்று தயங்கி எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோமோ தெரியாது. மகன் தண்ணீர் குடிக்க எழுந்துவந்து பார்த்தான். அவனும் அவன் தாயுமாகச் சேர்ந்து நம்மைத் தூக்கி நாற்காலியில் அமர்த்தினார்கள். மனைவி ஒரு சொல் சொல்லவில்லை. விடியும்வரை அவள் உறங்கவுமில்லை.

மறுநாள் எக்ஸ்ரேயில் மூட்டு இடம் மாறவில்லை என்று தெரிந்தது. நழுவியிருந்தால் மீண்டும் மயக்க மருந்து கொடுத்துத்தான் பொருத்தியிருக்க வேண்டும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அன்று மாலை, நமக்குக் கிதாபு ஓதிக்கொடுத்த முதிய உஸ்தாத் அவர்களுக்குத் தொலைபேசியில் நடந்ததைச் சொன்னோம். பாராட்டை எதிர்பார்க்கவில்லையாயினும், ஆறுதலையாவது எதிர்பார்த்தோம். அவர்களோ சற்று மௌனமாக இருந்துவிட்டுக் கேட்டார்கள்: “அல்லாஹ் உமக்கு நாற்காலியைத் தந்தான். நீர் அதை விட்டுவிட்டு இறங்கினீரே, அந்த ஸஜ்தா யாருக்காக?”

நாம் விடை சொல்லவில்லை. விடை நமக்குத் தெரிந்திருந்தது. பிறரிடம் உதவி பெறாத மனிதர், நாற்காலியில் தொழாத ஹஜ்ரத் என்ற நம் பெயருக்காகத்தான் அந்த இரவில் இறங்கினோம்.

உஸ்தாத் தொடர்ந்தார்கள். குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டபோது பெருமானார் (ஸல்) அவர்களே அமர்ந்து தொழுததை நினைவூட்டினார்கள். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபியவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். நோயாளியாகவோ பயணியாகவோ ஆகிவிட்ட அடியானுக்கு, அவன் நலமாக ஊரில் இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி எழுதப்படும் என்னும் நற்செய்தியையும் சொன்னார்கள். யாவும் நாம் பல முறை பாடம் நடத்தியவைதாம். “ருக்ஸத்தைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தீர். இப்போது அதில் உமக்குப் பரீட்சை வந்திருக்கிறது” என்று முடித்தார்கள்.

அன்று இஷாவில் நாற்காலி சுடவில்லை. மார்க்கம் தரும் சலுகையைப் பலவீனருக்கான இரண்டாம் தர வழிபாடாக நாம் எண்ணியிருந்தோம். வணக்கம் எது என்பதைத் தீர்மானிப்பவன் அல்லாஹ். அவன் நிற்கச் சொன்னால் நிற்பது வணக்கம். அமரச் சொன்னால் அமர்வதே வணக்கம். மகன் கால் கழுவ வரும்போது மறுக்காமல் காலை நீட்டுவதும் அதில் அடங்கும். ஏனெனில், பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் நன்மையை நம் பிடிவாதத்தால் நாம் அவனிடமிருந்து பறித்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் உடற்பயிற்சிகளையும் மனமொன்றிச் செய்தோம். கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, நின்றுகொண்டு காலைப் பக்கவாட்டில் விரிப்பது என ஒவ்வொன்றையும் தஸ்பீஹ் ஓதியபடி எண்ணினோம். வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறினோம். கைத்தடியை நோயுற்ற பக்கத்தில் அல்ல, அதற்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று முதன்முறையாகப் பள்ளிவாசல் சென்றோம். நுழைவாயிலில் மூன்று படிகள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பது பிசியோதெரபி தம்பியின் பாடம். நமக்கு நல்ல கால் இடக்கால். பள்ளிக்குள் வலக்காலை முன்வைப்பதோ ஸுன்னத். படிகளை இடக்காலை முன்வைத்து ஏறினோம். மேலே ஒரு கணம் நின்று, துஆ ஓதி, வாசலை வலக்காலால் கடந்தோம். வரிசையின் ஓரத்தில் மகன் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தான். இத்தனை காலம் நாற்காலித் தொழுகையாளர்களைக் கடந்து முன்வரிசைக்கு விரைந்திருக்கிறோம். அவர்கள் ஒவ்வொருவரின் பின்னாலும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று அன்றுதான் உறைத்தது.

முஹர்ரம் பிறந்ததும் மதரஸாவுக்குத் திரும்பினோம். பாய்க்குப் பதில் நாற்காலி. முதல் நாள் பாடமாக, மனிதன் முந்நூற்று அறுபது மூட்டுகளுடன் படைக்கப்பட்டிருக்கிறான் என்பதையும், ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாள்தோறும் தர்மம் உண்டு என்பதையும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் தர்மமே என்பதையும் கூறும் நபிமொழிகளைச் சொன்னோம். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கை தூக்கினான். “ஹஜ்ரத், உங்க ஒரு மூட்டு இப்ப இரும்பாச்சே, அதுக்கும் தர்மம் உண்டா?”

வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். “மற்றவை கேட்காமல் கிடைத்தவை. இது ஒருமுறை பறிபோய்த் திரும்பக் கிடைத்தது. ஆகவே இதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே செய்ய வேண்டும், தம்பி” என்றோம். பாடம் முடிந்து நாம் எழுந்தபோது அவன் முன்னால் ஓடி, வாசலில் சிதறிக் கிடந்த செருப்புகளை இருபுறமும் ஒதுக்கி, நம் கைத்தடிக்கு வழிசெய்து கொடுத்தான். இன்றுவரை நாள்தோறும் செய்கிறான்.

தரையில் மீண்டும் ஸஜ்தா செய்ய இயலுமா என்று மருத்துவரிடம் கேட்டோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் பொருத்திய மூட்டும் அறுவை முறையும் வேறு வேறு. ஆகவே ஒருவருக்குச் சொன்னதை மற்றவர் பின்பற்றலாகாது. உங்கள் வீட்டில் இச்சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் இருந்தால், குளியலறையில் பிடிமானம் வையுங்கள். உயரமான கழிப்பறை இருக்கைக்கு ஏற்பாடு செய்யுங்கள். கால் தட்டும் விரிப்புகளை அகற்றுங்கள். உளூவுக்கு அவர் அழைக்கும்வரை காத்திராதீர்கள். பலர் அழைக்க மாட்டார்கள். நாம் அழைக்காதது போலவே.

வல்ல ரஹ்மான் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவன் தரும் சலுகைகளை நன்றியுடன் ஏற்கும் பணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.