வெயிலில் கருத்த முகங்கள்

மணப்பாட்டுக்குக் கேமரா புதிதல்ல. மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலையும் கீழே கிடக்கும் கடலையும் படம்பிடிக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மணிரத்னத்தின் ‘கடல்’ படக்குழுவும் வந்துபோனது. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பதினான்கு பிள்ளைகளையும் ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனோம். அத்தனை பேருக்கும் ஆறு செல்போன்கள்.

முதலில் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்டார்கள். கடல் அழகாக விழுந்தது, முகங்கள் கரியாய்க் கிடந்தன. “அக்கா, நான் இம்புட்டுக் கருப்பாவா இருக்கேன்?” என்றாள் ஒருத்தி. நாங்கள் வாய் திறப்பதற்குள் இன்னொருத்தி ஃபில்டர் போட்டு அவளை வெளுக்க வைத்துவிட்டாள். எல்லோருக்கும் அதுவே வேண்டுமாம். நிறத்தைப் பார்த்தே சாதியைக் கணக்குப் போடும் ஊரில் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது.

தயாரித்துப்போன பாடத்தை ஓரமாக வைத்தோம். எதிரில் இருப்பது மணலா, மனுசியா என்பது கேமராவுக்கு முக்கியமில்லை; காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளை மணலும் வானமும் கூசினால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடும், அதில் முகம் இருண்டுபோகும். திரையில் முகத்தைத் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுக்கச் சொன்னோம். கடல் வெளிறியது. “நெத்தித் தழும்புகூடத் தெரியுதுக்கா!”

கோடாக் நிறுவனத்தின் கதையையும் சொன்னோம். ஷெர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவாக வைத்துத்தான் ஸ்டுடியோக்களில் நிறம் சரிபார்த்தார்கள். சாக்லேட்டும் மரச்சாமானும் சரியாக விழவில்லை என்று விளம்பரக்காரர்கள் புகார் சொன்ன பிறகே அடர்நிறங்களுக்கு ஏற்ப ஃபிலிமைத் திருத்தினார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் போனிலும் ‘பியூட்டி’ ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அறிக்கைகளில் ஒட்டிய இதே பிள்ளைகளின் படங்கள் அதில் எடுத்தவைதான்.

டிஜிட்டல் கலைக்கு ஒரே விதி வைத்தோம்: வெளிச்சத்தை மாற்றலாம், தோலை வெளுக்கக் கூடாது. “படம் நம்ம இஷ்டம்னு சொன்னீயளே? நீலமாக்கலாமா?” என்றான் ஒருவன். பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் தன்னை முழுக்க நீலமாக்கிக்கொண்டான். அருமையான படம் அது.

மீன் விற்கும் தாயின் மகனான மதுரை பழனிகுமாரைப் பற்றியும் பேசினோம். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், தன் அம்மாவையே படங்களில் பதிந்தவர், எளிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்றுத்தருபவர். வீட்டில் உழைப்பவரை, அவரிடம் கேட்டுவிட்டு எடுத்து வாருங்கள் என்று சொல்லியனுப்பினோம்.

ஒருத்தியின் அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். உப்பின் வெள்ளையில் கேமரா மறுபடி ஏமாறியிருக்கிறது. உப்பை வெளிறவிட்டு அம்மாவின் முகத்தை எடுத்திருந்தாள். படத்தை அந்த அம்மாவிடம் காட்டியபோது வெகுநேரம் பார்த்தார்.

“கண்ணு இப்படியா செவந்து கெடக்கு?” என்றார். பிறகு, அதைப் பிரிண்ட் போட்டுத் தரச்சொன்னார்.