மீன் பொரித்த எண்ணெயில் வீட்டுக்குக் கதகதப்பு... மெய்ன் மாநிலத்தின் குளிர்காலக் கணக்கு!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மெய்ன். பைன் காடுகள், கலங்கரை விளக்கங்கள், சிங்கி இறால் படகுகள் எனக் கோடையில் சுற்றுலா களைகட்டும். குளிர்காலத்தில் கதையே வேறு. வெப்பநிலை மைனஸில் இறங்கிவிடும்.

இங்கே சுமார் பாதி வீடுகள் எண்ணெய் எரித்துத்தான் சூடேற்றப்படுகின்றன. பல வீடுகளின் அடித்தளத்தில் சுமார் 1,000 லிட்டர் டேங்க் இருக்கும். எண்ணெய் விலை ஏறினால் குடும்ப பட்ஜெட் ஆட்டம் காணும். அதனால் சிலர், உணவகங்களில் மீனும் உருளைக்கிழங்கும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கிவந்து பயோடீசல் தயாரிக்கிறார்கள்.

முதலில் எண்ணெயை வடிகட்டி, ஈரம் போகச் சூடாக்குவார்கள். 100 லிட்டருக்குச் சுமார் 20 லிட்டர் மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துச் சேர்த்து, 55 டிகிரி சூட்டில் கலக்குவார்கள். கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதுதான் பயோடீசல். அதைத் தண்ணீரில் கழுவி உலர்த்த வேண்டும்.

கேட்க எளிது, ஆனால் விளையாட்டல்ல. மெத்தனால் சட்டெனத் தீப்பிடிக்கும். உடலுக்குள் போனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் குடிக்கும். அதனால் இந்த வேலைக்கு வீட்டைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான கொட்டகைதான் சரி. கடுங்குளிரில் பயோடீசல் உறைந்த நெய்போலக் கெட்டியாகும் என்பதால், வழக்கமான எண்ணெயுடன் கலந்தே எரிக்கிறார்கள்.

செலவு குறைகிறது, உண்மைதான். ஆனால் அந்தக் கதகதப்புக்கு விலை, கொஞ்சமும் தளராத கவனம்!