காற்று வந்த நேரம்

இங்கிலாந்தில் குளிரில் ஆள் சாகும் என்றால் ஊரில் உள்ளவர்கள் நம்புவார்கள். காற்றில் சாகும் என்றால் நம்பமாட்டார்கள். 1987 அக்டோபர் 15 இரவு நான் லண்டனில் இருந்தேன்.

நள்ளிரவுக்குப் பிறகு வந்த காற்று லண்டனுக்குள்ளேயே மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொட்டது. மழையில் மண் ஊறிப்போயிருந்தது. மரங்களில் இலை இன்னும் உதிரவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. விடிந்ததும் கதவைத் திறந்தால், தெருவோர மரம் ஒன்று வேரோடு புரண்டு பக்கத்து வீட்டுக்காரரின் காரின்மேல் கிடந்தது. கூரை ஸ்டீயரிங் வரை நசுங்கியிருந்தது. அவர் வேலைக்குப் புறப்பட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஹார்விச் துறைமுகத்தில், புகலிடம் கேட்டு வந்தவர்களை ஒரு பழைய கப்பலில் தடுத்து வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் நம் தமிழர். அதே இரவில் அந்தக் கப்பல் கயிறறுத்துக்கொண்டு போய் மணல்திட்டில் தட்டி நின்றது. போருக்குத் தப்பி வந்த பிள்ளைகள் அந்த இருட்டில் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பேன்.

அந்தப் புயலில் பிரிட்டனில் இறந்தவர்கள் 18 பேர். 1990 ஜனவரி 25 அன்று வந்த புயல் 47 பேரைக் கொண்டுபோனது. அது வந்தது பகலில். பள்ளிக்கூடம் திறந்திருந்தது, சாலை நிறைய வண்டிகள். 1987இல் ஊர் தூங்கிக்கொண்டிருந்ததால்தான் பல உயிர்கள் தப்பின.

காற்று நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதே உயிரைக் காக்கும் என்பதை அம்மா எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. இலங்கையின் கிழக்கில் 900 பேருக்கு மேல் செத்தார்கள். தகரங்கள் பறந்த பிறகு திடீரென்று காற்று ஓய்ந்தது. முற்றத்தைப் பார்க்கக் கிளம்பிய என் கையை அம்மா பிடித்துக்கொண்டார். "இப்ப வெளிய போகாத மகன். காத்துத் திரும்பி வரும்." வந்தது, எதிர்ப்பக்கமிருந்து. புயலின் கண் கடந்துபோகும் அந்த அமைதியை நம்பி வெளியே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று எச்சரிக்கை கைபேசிக்கே வருகிறது. 2022 பிப்ரவரி 18 யூனிஸ் புயலுக்கு லண்டனில் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். அன்றும் வடக்கு லண்டனில் காரின்மேல் மரம் விழுந்து ஒருவர் இறந்தார்.

எச்சரிக்கை வந்து காற்று வராமல் போனால், ஏமாற்றிவிட்டார்கள் என்று பேசாதீர்கள். ஒரு நாள் சம்பளமோ ஒரு கல்யாண வீடோ போகட்டும், வீட்டில் இருங்கள். காற்று ஓய்ந்ததும் தொங்கும் கிளைக்கும் அறுந்த வயருக்கும் பக்கத்தில் பிள்ளைகளை விடாதீர்கள். உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவருக்கு முதல் நாளே ஒரு போன் போட்டு, நாளைக்கு வெளியே போகவேண்டாம் என்று சொல்லுங்கள்.