அடுத்துப் பிரிக்கப்போகிறவர்

தூணின் கால் உளுத்துப்போயிருந்தது. அதற்கு மேலே வைரம் பாய்ந்த மரம் தட்டினால் கணீரென்றது. ஜப்பானின் நாரா நகருக்கு அருகே, கோயில் தச்சர்களின் பட்டறை ஒன்றில் அந்தத் தூணைத் தாங்குகட்டைகள் மேல் கிடத்தியிருந்தார்கள்.

“முழுத் தூணையும் மாற்றிவிட்டால் வேலை சுலபமில்லையா?” என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன்.

தலைமைத் தச்சர் தூணைத் தடவிக்கொடுத்தார். “கெட்டது இவ்வளவுதான். மீதிக்கு இன்னும் ஆயுசு இருக்கிறதே.”

அவரை எல்லோரும் ‘தோரியோ’ என்று அழைக்கிறார்கள். முகடும் உத்தரமும் சேர்ந்த சொல் அது. கூரையைத் தாங்கும் இரண்டு மரங்களின் பெயரே தலைவருக்கும் பெயராகிவிட்டது.

உளுத்த காலை அறுத்தெடுத்துப் புதுக்கால் பொருத்தும் வேலைக்கு ‘நெத்சுகி’ என்று பெயர். பழைய தூண் ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரம், புதுக்காலும் ஹினோகிதான். முதல் வேலை கோடு போடுவது. ‘சுமித்சுபோ’ என்ற மைக்கூட்டிலிருந்து, மை ஊறிய பஞ்சு வழியாக நூல் வருகிறது. அதை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மயிரிழை போல ஒரு கோடு விழுகிறது. அந்தக் கோட்டுக்கும் தடிமன் உண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கோட்டை விட்டு அறுப்பதா, கோட்டின் பாதியைத் தின்று அறுப்பதா என்று முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். பொருத்து இறுகுவதும் தளர்வதும் அந்த அரைக்கோட்டில்தான் இருக்கிறது.

அவர்களுடைய ரம்பம் இழுக்கும்போது வெட்டுகிறது. இழுக்கும்போது தகடு விறைத்து நிற்கும், வளையாது. அதனால் தகட்டை மெல்லியதாக அடிக்க முடிகிறது. அறுப்பும் ஒடுக்கமாக விழுகிறது. நம் தச்சர்கள் முன்னோக்கித் தள்ளும் இழைப்புளியையும் அவர்கள் தம் பக்கமாகவே இழுக்கிறார்கள்.

தோரியோ தேர்ந்திருந்த பொருத்தின் பெயர் ‘கனவாத்சுகி’. இரு முனைகளையும் ஒரே அச்சாகச் செதுக்கி, பக்கவாட்டில் கோத்து, நீளவாக்கில் நகர்த்தினால் ஒன்றின் நாக்கு மற்றதன் வாய்க்குள் போய் உட்காரும். நடுவில் மிஞ்சும் சதுரத் துளையில் ஓர் ஆப்பு இறங்கியதும் இரண்டும் இறுகிவிடும். இந்தப் பொருத்தில் ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஜப்பானியக் கோயில்களில் ஆணியே கிடையாது என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அது சரியல்ல, ஹோரியூஜி கோயிலிலேயே கையால் அடித்த இரும்பாணிகள் உண்டு. ஆனால் இங்கே ஆணி வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தது. “ஆப்பைத் தட்டி எடுத்தால் பொருத்து கழன்றுவிடும். அடுத்துப் பிரிக்கப்போகிறவர் மரத்தைக் காயப்படுத்த வேண்டாம்” என்றார் தோரியோ.

அடுத்து எப்போது பிரிப்பார்கள் என்று கேட்டேன். “நூறு வருஷம் ஆகலாம். இருநூறும் ஆகலாம்.”

பட்டறையின் ஓரத்தில் ஓர் இளைஞர் உளி தீட்டிக்கொண்டிருந்தார். மெல்லிய கடின எஃகைக் குழைவான இரும்போடு காய்ச்சி இணைத்த உளி அது. காலையில் பார்த்தவர் மதியமும் அதே கல்லின் முன் குனிந்திருந்தார். ஓகாவா மித்சுவோவின் கதை நினைவுக்கு வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் ஹோரியூஜி கோபுரத்தைப் பார்த்து மயங்கி, பின்னாளில் நிஷியோகா சுனேகசுவிடம் (1908–1995) தொழில் கற்கச் சேர்ந்தவர் அவர். ஒரு வருடம் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் வேண்டாம், கருவிகளைத் தீட்டு என்றாராம் குரு. ஒருநாள் மரத்தை ஒரே இழுப்பாக இழைத்துக் காட்டி, சுருள் இப்படி வர வேண்டும் என்றார். சீடர் அந்தச் சுருளை ஜன்னலில் ஒட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்தே பழகினார். பக்கம் பக்கமாகச் சொல்ல வேண்டியதை ஒரு மரச்சுருள் சொல்லிவிட்டது.

மறுநாள் ஹோரியூஜிக்குப் போனேன். உலகில் இன்றும் நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்கள் இங்கேதான் இருக்கின்றன. சுமார் 32 மீட்டர் உயர ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண், கி.பி. 594இல் வெட்டப்பட்ட மரம் என்று ஆண்டுவளைய ஆய்வு காட்டியது. 1934இல் தொடங்கிய பெரும் திருப்பணியில், கட்டடங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பழுது பார்த்து மீண்டும் பூட்டினார்கள். அந்தத் திருப்பணியில் உழைத்த தச்சர்களில் நிஷியோகாவும் ஒருவர். ஓடுகளின் பாரத்தை இறக்கிய சில நாட்களில், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாய் அழுந்திக் கிடந்த இறவாணம் மெல்ல மேலே எழும்பியது என்று அவர் சொல்லியிருக்கிறார். வெட்டிய மரம் செத்த மரம் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். இறவாணத்தை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

பிற்பகலில் பட்டறைக்குத் திரும்பியபோது, புதுக்காலின் நாக்கைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ‘கிகோரோஷி’, மரத்தைக் கொல்வது என்று பெயர். நார் நசுங்கி ஒடுங்குவதால் நாக்கு சுளுவாக உள்ளே போகிறது. பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, பொருத்தை இறுக்கிக்கொள்கிறது. கொன்றதாகச் சொன்னாலும், அது உயிர்த்தெழும் என்ற நம்பிக்கையில்தான் தட்டுகிறார்கள்.

ஆப்பு இறங்கியது. பொருத்தின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். எங்கும் தடுக்கவில்லை. பழைய மரத்தின் தேன்நிறமும் புது மரத்தின் வெளிறிய நிறமும் சந்திக்கும் இடம் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

பூட்டுவதற்கு முன்பே, உள்ளே மறைந்துபோகும் முகத்தில் பழுதுபார்த்த ஆண்டைச் சூட்டுமுத்திரையாகப் பொறித்திருந்தார்கள். எந்த மரம் பழையது, எது எப்போது சேர்ந்தது என்று பின்னால் வருபவர் தெரிந்துகொள்வதற்காக. அந்த முகத்தில் தச்சர் எவர் பெயரும் இல்லை. ஆப்பைத் தட்டி எடுக்கப்போகும் கை இன்னும் பிறக்கவில்லை. அந்தக் கைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்ற கவலையில்தான், யாரும் பார்க்காத அரைக்கோட்டுக்கு இவர்கள் இத்தனை நாள் உளி தீட்டுகிறார்கள்.