பகலில் சிம்ஃபொனி, இரவில் டிஜே

ஆர்கெஸ்ட்ரா மேடையின் பின்வரிசையில், பெரிய டிரம்களுக்குப் பக்கத்தில் ஒருவர் மடிக்கணினியை விரித்து வைத்திருப்பார். பக்கத்தில் தட்டினால் ஒலி எழுப்பும் ஒரு டிரம் பேட். வயலின்காரர்களைப் போலவே அவரும் நடத்துநரின் கையைப் பார்த்து, தன் முறை வரும்போது தட்டுவார். புதிதாகக் கேட்க வந்தவர்கள் ஒலிபெருக்கியைக் கவனிக்க வந்த ஊழியர் என்றுகூட நினைக்கலாம். மேடையில் ஒலிக்கும் அந்தப் படைப்பை எழுதியவரே அவர்தான். பெயர் மேசன் பேட்ஸ்.

1977-இல் பிறந்த அமெரிக்கர். வெர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் வளர்ந்தவர். நியூயார்க்கில் ஜூலியார்டும் கொலம்பியா பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தும் திட்டத்தில் இசையமைப்பும் ஆங்கில இலக்கியமும் படித்தார். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். படிப்பு ஒரு பக்கம் நடக்க, சான் பிரான்சிஸ்கோ வட்டாரக் கிளப்புகளில் ‘டிஜே மேசோனிக்’ என்ற பெயரில் இரவுகளில் இசை போட்டார். 2010 முதல் 2015 வரை சிகாகோ சிம்ஃபொனி இசைக்குழுவின் உறைவிட இசையமைப்பாளராக இருந்தார். ஸ்டீவ் ஜாப்ஸின் வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய ஓபரா 2017-இல் சான்டா ஃபே நகரில் அரங்கேறியது. அதன் ஒலிப்பதிவு 2019-இல் கிராமி விருது பெற்றது.

இவரை நான் விடாமல் கேட்பதற்கு என் வேலையும் ஒரு காரணம். காலை நிகழ்ச்சியில் துள்ளல் பாடல்கள் போடுகிறேன். வார இறுதியில் கர்நாடக இசைக்கு ஒரு மணி நேரம். நேயர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி: “உண்மையில் உங்களுக்கு எது பிடிக்கும்?” இரண்டும் என்றால் யாரும் நம்புவதில்லை. ஒன்று பிழைப்புக்கு, மற்றது மனசுக்கு என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

பேட்ஸிடம் இந்தப் பிரிவினை இல்லை. ஆனால், இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கவும் அவர் அவசரப்படவில்லை. கிளப்பில் ஓடும் ஹவுஸ் இசை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 130 தட்டுகள் வேகத்தில் இம்மியும் பிசகாமல் ஓடும். டிஜே அடுத்த பாடலைக் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் கேட்டு, வேகத்தைப் பொருத்தி, ஒன்றின் பேஸைக் குறைத்துக்கொண்டே மற்றதை உள்ளே கொண்டுவருவார். ஆர்கெஸ்ட்ரா அப்படி ஓடாது. நடத்துநரின் கை ஓரிடத்தில் சற்று நிற்கும், இன்னோரிடத்தில் முந்தும். கணினியை ஓடவிட்டு எண்பது பேரை அதன் பின்னால் ஓடச் சொன்னால் இசை செத்துவிடும். அதனால்தான் பேட்ஸ் மின்னொலிகளைத் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு, மற்ற வாத்தியக்காரர்களைப் போல நடத்துநரைப் பார்த்து வாசிக்கிறார்.

2009-இல் சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபொனிக்காக அவர் எழுதிய ‘தி பி-சைட்ஸ்’ என்ற பெயரே என்னைப் போன்ற வானொலிக்காரர்களுக்குப் பிடிக்கும். பழைய இசைத்தட்டின் மறுபக்கத்தில் ஒளிந்திருக்கும் வித்தியாசமான பாடல்களுக்கு வைத்த பெயர் அது. அதன் ஒரு பகுதியில் 1965-இல் ஜெமினி 4 விண்கலத்திலிருந்து வெளியே வந்து மிதந்த விண்வெளி வீரரின் உரையாடல் வருகிறது. சுற்றிலும் வயலின்கள் நீண்டு ஒலிக்க, நடுவே அந்தக் கரகரத்த மனிதக் குரல். பேச்சும் இசையும் ஒன்றையொன்று மிதிக்காமல் போவது எவ்வளவு கடினம் என்று ஃபேடரை ஏற்றி இறக்கும் எவருக்கும் தெரியும்.

எதிர்த்திசையிலும் அவர் போயிருக்கிறார். ‘மெர்க்குரி சோல்’ என்ற நிகழ்ச்சியில் கிளப்புக்குள்ளேயே செவ்வியல் கலைஞர்களைக் கொண்டுவந்தார். டிஜே இசை போய்க்கொண்டிருக்கும். அது மெல்லக் கரைந்து, நேரில் வாசிக்கும் சிறு குழுவின் இசையாக மாறும். பிறகு மீண்டும் தாளம். இடையில் வரும் அந்த மாற்றத்துக்கென்றே அவர் தனியாக இசை அமைத்தார். கைகாட்டி, அறிவித்து, விளக்கைப் போட்டு மாற்றியிருந்தால் கூட்டம் அடுத்த கிளப்புக்குப் போயிருக்கும்.

பேட்ஸைப் பற்றி எங்கள் வீட்டிலும் பேச வேண்டி வந்தது. அக்கா மகனுக்குப் பதினேழு வயது. பத்து ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறான். எஸ்.பி.எம். முடிந்ததும் மடிக்கணினியில் இசை அமைக்கத் தொடங்கி, ஒரு கல்யாண விருந்தில் டிஜேவாகவும் நின்றுவிட்டான். “பத்து வருஷம் வாசிச்சதெல்லாம் இதுக்குத்தானா? ரெண்டுல ஒண்ணப் பிடிக்கச் சொல்லு, நீ சொன்னா கேப்பான்” என்றார் அக்கா. அவருடைய பயம் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. மிருதங்கம் தினமும் கை வைக்க வேண்டிய வாத்தியம். ஆறு மாதம் விட்டால் விரல் மறந்துவிடும்.

பையனோடு உட்கார்ந்தேன். “விருந்துல எந்த இடத்துல பாட்டை மாத்தணும்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன். “எண்ணினேன் சித்தி” என்றான். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கை, சதுஸ்ர நடையில் ஒவ்வொன்றுக்கும் நான்கு. ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. ஹவுஸ் இசையும் பெரும்பாலும் 32 தட்டுகளுக்கு ஒருமுறைதான் திரும்புகிறது. கோர்வையைச் சமத்தில் கொண்டுவந்து முடித்துப் பழகியவனுக்கு, அந்தத் திருப்பம் தானாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு தன் மிருதங்க வாசிப்பைப் பதிவு செய்து கணினித் தாளத்தின் மேல் வைத்துக் காட்டினான். ஒட்டவில்லை. அவன் கை உற்சாகத்தில் சற்று முந்தியது, கணினி அசையவில்லை. பேட்ஸ் மேடையில் வாசிக்கும் காணொளியைப் போட்டுக் காட்டினேன். அவன் மிருதங்கத்தை விட்டுவிட்டு, கணினித் தாளத்தைத் துண்டுகளாக வெட்டி, தன் வாசிப்பைக் கேட்டுக்கொண்டே விரலால் தட்டிச் சேர்த்தான். நாலாவது முறை சரியாக வந்தது.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: வகுப்பை நிறுத்த வேண்டாம், மடிக்கணினியையும் பிடுங்க வேண்டாம். பையனிடம் சொன்னது வேறு. பேட்ஸால் எண்பது பேருக்கு எழுத முடிகிறதென்றால், இரவில் கிளப், பகலில் பாடம் என்று பட்டம் வாங்கும்வரை உட்கார்ந்து படித்ததால்தான். காலையில் மிருதங்கம் ஒரு மணி நேரம், அதற்கப்புறம்தான் கணினி. அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறான். எவ்வளவு நாள் என்று பார்க்க வேண்டும்.

பேட்ஸ் மீது குறை சொல்பவர்களும் உண்டு. மின்தாளம் வாத்தியங்களோடு சேராமல் மேலே தூவியதுபோல் நிற்கிறது என்பார்கள். சில படைப்புகளில் எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. அப்படி நினைப்பவர்கள் அவருடைய வயலின் கான்சர்ட்டோவைக் கேட்க வேண்டும். 2012-இல் முதலில் இசைக்கப்பட்ட அதில் மின்னொலியே கிடையாது. பாதி டைனோசர், பாதி பறவை என்று சொல்லத்தக்க ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற தொல்லுயிரை மனத்தில் வைத்து எழுதியது. வயலின் ஒரு நேரம் தாளமாகக் கடிக்கிறது, ஒரு நேரம் சிறகு விரித்துப் பாடுகிறது. கிளப்பில் கற்ற தாள உணர்வு அதில் முழுக்க இருக்கிறது. மடிக்கணினி மட்டும் இல்லை. அது தேவைப்படாத இடம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.